ஆண்டுதோறும் வந்த செங்கம்மாள்

செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்தபடி இருந்த அந்த அலுவலகத்துக்கு மாடிப்படி செங்குத்தானது. படியேறி வருபவர் இடையிடையே நின்று மூச்சு வாங்குவது உள்ளே கேட்டது. ஜோஷ்வா எழுந்து போய்க் கதவைத் திறந்தார். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையில் சுருட்டிய செய்தித்தாளுடன் நின்றாள்.

"துப்பறியற மேடம் இவங்கதானா?" என்றாள் உள்ளே பார்த்து.

"முதல்ல உக்காரும்மா. தண்ணி குடி. அப்புறம் சொல்லலாம்," என்றார் பெருந்தேவி.

பெருந்தேவி காவல்துறையின் கைரேகைப் பிரிவில் நெடுங்காலம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு பெற்றவர். யாரையும் அவசரப்படுத்தமாட்டார், தானும் அவசரப்படமாட்டார். அவருக்கும் சேர்த்து அவசரப்பட ஜோஷ்வா இருந்தார். பத்திரிகையில் புகைப்படக்காரராக இருந்தவர். நாற்பத்தைந்து வயதிலும் ஒரு வழக்கு வந்தால் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பவர்.

வந்தவள் பெயர் பூங்கொடி. ரயில்நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் வேலை. செய்தித்தாளை மேசைமேல் விரித்து நீவிவிட்டாள். மறைந்த ஓவியர் உப்பிலியின் நினைவுக் கண்காட்சி என்று அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தது. நடுவில் அவருடைய கடைசி ஓவியம். கிளிப்பச்சைப் புடவையில், தலை நரைத்த ஒரு பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்து ஓரமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க எங்கம்மா. செங்கம்மா," என்றாள் பூங்கொடி. "எங்கப்பா செத்தப்புறம் மகாபலிபுரத்துல சிலைப் பட்டறையில பாலிஷ் போடற வேலைக்குப் போனாங்க. அங்கதான் இந்த ஆளு பாத்தாரு. அம்மாவ வெச்சு வரைஞ்ச படத்துலதான் அவருக்குப் பேரே வந்துச்சு. அப்புறம் ஒரு பங்குனி மாசம் என்னை மாமன் வூட்டுல வுட்டுட்டுப் போனாங்க. எனக்கு அஞ்சு வயசு. திரும்பி வரல."

"யாரும் தேடலையா?"

"மாமன் போயி அவராண்ட கேட்டாரு. போலீசுக்குப் போவேன்னாரு. அதுக்கு அந்த ஆளு, 'போன வாரந்தான் வந்து உக்காந்துட்டுப் போனா, வடக்க எங்கயோ கீறா, உங்க யாரையும் பாக்க இஷ்டமில்லயாம்'னு சொல்லி, ஈரம் காயாத படத்தைக் காமிச்சிகீறாரு. மாமன் தலை குனிஞ்சிகினு வந்துட்டாரு. அதுக்கப்புறம் வருசா வருசம் ஒரு படம். படத்துல அம்மாவுக்கு வயசாயிகினே வந்துச்சு."

"அது உங்கம்மாதான்னு உனக்கு எப்படி உறுதி?"

பூங்கொடி புடவையின்மீது விரலை வைத்தாள். "இதான் மேடம். கிளிப்பச்சை, மாங்கா பார்டரு. போன அன்னிக்கு இதைத்தான் கட்டிகினு இருந்தாங்க. பஸ்ஸு ஏறச்சொல்ல நான் முந்தானைய வுடல. விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு வுட்டாங்க. எல்லாப் படத்துலயும் இதே பொடவைதான்."

செய்தித்தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு இது தலைப்பிரசவம். மாமனும் போயிட்டாரு. தாய்வூடுன்னு போவ எடம் இல்ல. அந்த ஆளுக்காக வருசத்துக்கு ஒருக்கா வந்து கீறாங்களே, எனக்காக ஒரு தபா வரக்கூடாதா? நான் ஒண்ணும் கேக்கமாட்டேன், திட்டமாட்டேன்னு சொல்லுங்க."

ஜோஷ்வா முன்னால் வந்தார். "நீ கவலையே படாத. உன் பிரசவத்துக்கு முன்னாடி உங்கம்மாவ நான் இட்டுனு வரேன்," என்றார்.

பெருந்தேவி அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவர் பார்வை பூங்கொடியின் காதில் போய் நின்றது. மடலின் கீழ்நுனி தனியே தொங்காமல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அதில் ஒரு சின்னக் கம்மல்.

* * *

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், சதுரங்கப்பட்டினத்துக்குச் சற்று முன்னால் சவுக்குத் தோப்புக்குள் இருந்தது உப்பிலியின் வீடு. வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெருந்தேவியையும் ஜோஷ்வாவையும் வரவேற்றவள் ரெஜினா. ஐம்பதைத் தொட்ட, நிமிர்ந்த நடை கொண்ட பெண். உப்பிலியின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் அவருடன் இருந்தவள். கண்காட்சியை நடத்துபவளும் அவள்தான்.

"அவர் வாழ்க்கையில மூணு பெண்கள். அதனால மூணு அறை," என்றபடி நடத்திச் சென்றாள். "முதல் அறை விஜயகுமாரி. நாட்டியம் ஆடினவங்க, இப்ப உயிரோட இல்ல. இது செங்கம்மாள். அந்தக் கடைசி அறை நான்."

"சம்சாரத்துக்கு ரூம் இல்லீங்களா?" என்று கேட்டார் ஜோஷ்வா.

"ராஜம்மாவையா? அவங்களை அவர் வரைஞ்சதே இல்ல. ஒரு கோடுகூட." ரெஜினா சொன்ன விதத்தில் பெருமை இல்லை. கூச்சம்தான் இருந்தது.

செங்கம்மாளின் அறையில் இரண்டு வகை ஓவியங்கள். ஒரு சுவரில் அவள் பட்டறையில் வேலை செய்த நாட்களில் வரைந்தவை. கற்பொடி படிந்த முகம், தூக்கிச் செருகிய கொண்டை, எந்த நேரமும் சிரிப்பு வந்துவிடும் போன்ற வாய். எதிர்ச்சுவர் முழுவதும் அவள் போன பிறகு வரைந்த வரிசை. 'வருகை' என்று உப்பிலி அதற்குப் பெயர் வைத்திருந்தார். அதே நாற்காலி, அதே பச்சைப் புடவை, ஓரமாகப் பார்க்கும் அதே கண்கள். முகம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்துகொண்டே போயிற்று.

"நீங்க இவளைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் பெருந்தேவி.

ரெஜினா சிரித்தாள். "ஒரு தடவைகூட இல்ல. தை பிறந்தா என்னைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பிடுவார். 'செங்கம்மா வரா, அவ வரப்ப இங்க யாரும் இருக்கக் கூடாது'ன்னுவார். அழுதிருக்கேன், சண்டை போட்டிருக்கேன். நான் பார்க்காத ஒருத்திகிட்ட வருஷா வருஷம் தோத்துக்கிட்டே இருந்தேன்."

பெருந்தேவி பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார். முதல் சுவரில் ஒவ்வொரு படமாக நின்றார். எதிர்ச்சுவரிலும் அப்படியே. முகத்துக்கு நேராக அவர் அதைப் பிடிக்கவே இல்லை என்பதை ஜோஷ்வா கவனித்தார்.

"ஜோஷ்வா, எல்லாப் படத்துலயும் காதை மட்டும் கிட்ட வச்சு எடுங்க."

"காதையா மேடம்?"

"காதைத்தான்."

ராஜம் பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபதை நெருங்கிய ஒடிசலான உடம்பு. தோடு கழற்றிய காதுமடல்கள் வெறுமையாகத் தொங்கின. வந்தவர்களைப் பார்த்து அவர் வியக்கவில்லை. வருவார்கள் என்று எதிர்பார்த்தவரைப்போல மணையை நகர்த்திப் போட்டார்.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது. அவர் வரையற கொட்டகைக்குள்ள நான் காலே வெச்சதில்லை," என்றார்.

"செங்கம்மாள் வரும்போது சாப்பாடு கொடுப்பீங்களா? பேசுவீங்களா?"

"என்ன பேசறது? வருவா, உக்காருவா, போயிடுவா. பாவம், கழுத்தைத் திருப்பப்படாதுன்னுடுவார். அந்த மொட்டைப் பனையையே பாத்துண்டு எத்தனை நாழி உக்காருவா! கழுத்து மரத்துப் போயிடும்."

"போனா எங்கே போவா?"

ராஜம் கீரைக் காம்பு ஒன்றை ஒடித்தார். "அது எனக்குத் தெரியாது," என்றார் மெல்ல.

* * *

ஓவியக் கொட்டகை வீட்டுக்குப் பின்னால், கடல் பக்கம் இருந்தது. நடுவில் அந்த நாற்காலி. பக்கவாட்டுச் சுவரில் ஒரே ஜன்னல். வெயிலுக்காக வெளியே தாழ்வாகத் தகரம் இறக்கியிருந்தார்கள். ஜோஷ்வா ஜன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்தார். மணலும் முள்வேலியும்தான் தெரிந்தன.

"பனை எதுவும் இல்லையே மேடம்? வெளிய போயி சுத்திப் பாக்கட்டுமா?"

"வேண்டாம். அந்த நாற்காலியில உக்காருங்க. படத்துல அவ தலை திரும்பியிருக்கிற மாதிரி திரும்புங்க."

ஜோஷ்வா உட்கார்ந்தார். கண் தாழ்ந்ததும், தகரத்துக்கு அடியில் ஒரு கீற்று வானம் திறந்துகொண்டது. அதில், தூரத்தில், தலை முறிந்த ஒற்றைப் பனை. நாற்காலியில் இருந்து எழுந்தார், பனை மறைந்தது. மறுபடி உட்கார்ந்தார், தெரிந்தது.

அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "புரிஞ்சு போச்சு மேடம்! செங்கம்மா இங்க வந்து உக்காந்தது நெசம். இந்தப் பனைய அவங்கதான் ராஜம்மாகிட்ட சொல்லியிருக்காங்க. அப்ப ரெண்டு பேருக்கும் பழக்கம் கீது. எங்க கீறாங்கன்னும் ராஜம்மாவுக்குத் தெரியும்!" சொல்லிக்கொண்டே தொலைபேசியோடு வெளியே ஓடினார்.

அவர் திரும்பி வந்தபோது பெருந்தேவி மூலையில் சுவரைப் பார்க்கச் சாத்தியிருந்த ஒரு பெரிய ஓவியத்தைத் திருப்பி வைத்து அதன் எதிரே நின்றுகொண்டிருந்தார். கருங்கல் ஒன்றின்மீது செங்கம்மாள் நின்றிருந்தாள். இரத்தச் சிவப்பில் பட்டுப்புடவை. பின்னால் இடிந்த செங்கல் மதில். முழங்காலுக்குக் கீழே அலை வரவேண்டிய இடம் வெறும் துணியாக விடப்பட்டிருந்தது.

"இது கடப்பாக்கம் மேடம். ஆலம்பரைக் கோட்டை மதிலு. நான் எத்தினியோ தபா படம் எடுத்துகீறேன்," என்றார் ஜோஷ்வா.

"உப்பிலி எதையும் பாதியில விடமாட்டார்னு ரெஜினா சொல்றா. இதை மட்டும் விட்டிருக்கார்." பெருந்தேவி ஓவியத்தின் பின்புறத்தைக் காட்டினார். உப்பிலியின் கையெழுத்து, மாதம், ஆண்டு. பூங்கொடியை மாமன் வீட்டில் விட்டுவிட்டுச் செங்கம்மாள் போன அதே பங்குனி. "நீங்க யாருக்குப் பேசினீங்க?"

"பூங்கொடிக்குத்தான். வரச் சொல்லிட்டேன். வயித்துப்புள்ளைக்காரி எதிர்ல நின்னா ராஜம்மா மனசு எறங்கும்ல?"

"பஸ் ஏறிட்டாளா?"

"ஏறிட்டேன்னு சொன்னா மேடம். சந்தோசத்துல அழுதுச்சு."

பெருந்தேவி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவளுக்குத் தெரியத்தான் வேணும். ஆனா இப்படி இல்ல, ஜோஷ்வா," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஜோஷ்வா கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தார்.

* * *

செங்கம்மாளின் அறையில் நாற்காலிகள் போட்டார்கள். பூங்கொடி தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கையில் ஒரு பாத்திரம். என்ன என்று ஜோஷ்வா கேட்டதற்கு, "சும்மா வரக்கூடாதுன்னு கொஞ்சம் பாயசம்," என்றாள். ரெஜினா கதவோரம் நின்றாள். ராஜம் தரையில் உட்கார்ந்தார், நாற்காலி வேண்டாம் என்றார்.

"பூங்கொடி, நான் சொல்றதைக் கேட்டுக்கோ. நல்ல சேதி இல்ல," என்று தொடங்கினார் பெருந்தேவி. "இந்தச் சுவர்ல இருக்கறவளும் அந்தச் சுவர்ல இருக்கறவளும் ஒருத்தி இல்ல."

பெருந்தேவி இரண்டு சுவர்களையும் கைகாட்டினார்.

"முகம் வயசானா மாறும். காது பெருசாகும், துளை இறங்கும். ஆனா கன்னத்தோட ஒட்டின மடல் வயசானதால தனியாப் பிரிஞ்சு தொங்காது. பட்டறையில வரைஞ்ச எல்லாப் படத்துலயும் செங்கம்மாளுக்கு மடல் ஒட்டியிருக்கு, உனக்கு இருக்கற மாதிரியே. 'வருகை' படங்கள்ல, முதல் வருஷத்துல இருந்தே, மடல் தொங்குது. உப்பிலி முகத்தை மனசுல இருந்து வரைஞ்சார். காது, கழுத்து, கை, இதையெல்லாம் எதிர்ல உக்காந்தவங்களைப் பார்த்து வரைஞ்சார்."

"யாரு உக்காந்தாங்க?" என்றாள் பூங்கொடி. அவள் குரலில் இன்னும் பயம் வரவில்லை.

"அந்த நாற்காலியில உக்காந்தாத்தான் மொட்டைப் பனை தெரியும். எழுந்து நின்னாத் தெரியாது. செங்கம்மாள் வந்து சொல்லியிருந்தா சரி. ஆனா செங்கம்மாள் ஒரு வருஷமும் வரல. அப்போ கொட்டகைக்குள்ள காலே வைக்காதவங்களுக்கு அந்தப் பனை எப்படித் தெரியும்? கழுத்து மரத்துப் போறது எப்படித் தெரியும்?"

ஜோஷ்வா ராஜத்தின் காதைப் பார்த்தார். காலையிலும் பார்த்த காதுதான்.

ரெஜினா கதவைப் பிடித்துக்கொண்டாள். "ராஜம்மா?"

ராஜம் நிமிரவில்லை.

"மேடம், அந்தப் பொடவை? அது எங்கம்மாவோடதுதான்," என்றாள் பூங்கொடி.

"ஆமாம்மா, அதுதான் என்னைக் கலக்கிச்சு. உங்கம்மா பச்சைப் புடவை கட்டிக்கிட்டுப் பஸ் ஏறினா. அதே மாசம் ஆலம்பரையில வரைஞ்ச படத்துல பட்டுப்புடவை கட்டியிருக்கா. பட்டறையில வேலை செய்யறவளோட புடவை இல்ல அது, ஓவியத்துக்காக இவங்க கொடுத்தது. அப்போ அவளோட பச்சைப் புடவை இவங்ககிட்ட இருந்தது. வேற ஊருக்கு ஓடிப் போறவ, தன் புடவையைத் திரும்பக் கட்டிக்காமப் போவாளா? வரைஞ்சு முடிக்காத படம், திரும்பக் கட்டாத புடவை. ரெண்டும் ஒரே நாள்ல நின்னு போச்சு."

பெருந்தேவி நிறுத்தினார். மீதியை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராஜம் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டே.

"அன்னிக்கு நானும் போயிருந்தேன். அவருக்கு வெயில் படாம குடை பிடிக்க. அந்தக் கல்லு மேல ஏறி நில்லுன்னார். அவ, 'அலை பெருசா கீது சார், பயமா கீது'ன்னா. இவர் வரைஞ்சுண்டே இருந்தார். ஒரு அலை வந்து முழங்கால் வரைக்கும் அடிச்சது. அவ இறங்கப் பார்த்தா. 'அசையாதே செங்கம்மா, இன்னும் கொஞ்சம்'னார். அவ அசையலை. அடுத்த அலை போனப்புறம் கல்லு மட்டும் இருந்தது."

"நீங்க இன்னா பண்ணீங்க?" என்றாள் பூங்கொடி.

"குடையைப் பிடிச்சுண்டு நின்னேன்."

வெளியே பந்தல்காரர்கள் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

"உடம்பு கிடைக்கலை. போலீஸ் வந்தா பேர் போயிடும்னார். உன் மாமன் சத்தம் போட வரப்போறதா ஒரு ஆள் வந்து சொன்னப்போ, அந்தப் புடவையை என்கிட்ட கொடுத்துக் கட்டிண்டு உக்காருன்னார். அந்த ஒரு தடவைதான்னு நெனச்சேன். படம் பேர் வாங்கிடுத்து. படம் வாங்கறவா அடுத்த வருஷமும் கேட்டா. அப்புறம் நிக்கலை."

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே," என்றாள் ரெஜினா. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

ராஜம் அப்போதுதான் தலையைத் தூக்கினார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லைம்மா. உன்னைப் பார்த்தார், விஜயகுமாரியைப் பார்த்தார். தை பொறந்தா நான் அந்தப் புடவையைக் கட்டிண்டு உக்காருவேன். பார்ப்பார். மணிக்கணக்கா பார்ப்பார். பார்த்துட்டு அவளை வரைவார்."

"அப்போ நான் இத்தனை வருஷம் பொறாமைப்பட்டது யார் மேல?"

"எனக்கே தெரியலையே," என்றார் ராஜம்.

பூங்கொடி அழுவாள் என்று ஜோஷ்வா காத்திருந்தார். அவள் பாத்திரத்தை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். வைக்கும்போது மூடி நழுவி உருண்டு போயிற்று. யாரும் அதை எடுக்கவில்லை.

"கேஸு போடலாமா மேடம்?"

"போடலாம். மனு எழுதித் தரேன், நானே கூட வரேன். ஆனா உன்கிட்ட பொய் சொல்லமாட்டேன். அந்த ஆள் செத்துட்டார். உடம்பு இல்ல. கடல் சாட்சி சொல்லாது. இவங்க சொல்றது ஒண்ணுதான் இருக்கு."

"நான் சொல்றேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்," என்றார் ராஜம்.

* * *

சொன்னபடியே ராஜம் காவல் நிலையத்துக்கு வந்தார். சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், தேநீர்கூட வரவழைத்தார். அந்த அம்மாவுக்கு எழுபது வயது ஆகப்போகிறது, கணவரை இழந்த துக்கம் வேறு, மருத்துவர் ஒருவரிடம் காட்டுவது நல்லது என்று பெருந்தேவியிடம் தனியே சொன்னார். கடலோர நிலையங்களில் அந்த ஆண்டின் அடையாளம் தெரியாத உடல்களைப் பற்றி ஜோஷ்வா அலைந்து திரிந்து விசாரித்தார். எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. 'வருகை' வரிசையை எடுத்துவிடலாம் என்றாள் ரெஜினா. ஓவியங்கள் உப்பிலி பெயரில் உள்ள அறக்கட்டளையின் சொத்து, நிரூபணமாகாத கதைக்காக எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உப்பிலி தனக்கென்றே கொடுத்திருந்த தன் அறையின் படங்களை மட்டும் கழற்றிக்கொண்டு அவள் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டாள். அறக்கட்டளைக்காரர்கள் அந்த அறையில் தேநீருக்கு மேசை போட்டார்கள்.

திறப்பு விழாவன்று காலை, கூட்டம் வருமுன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பூங்கொடி கேட்டாள். ஜோஷ்வா தன் காரில் கூட்டிப்போனார். வழி நெடுக அவர் என்னென்னவோ சொல்ல நினைத்தார்.

'வருகை' சுவரின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. பட்டறை ஓவியங்களில் ஒன்றின் முன்னால் போய் நின்றாள். உளியும் கற்பொடியுமாகச் செங்கம்மாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இதுல அவங்களுக்கு இன்னா வயசு இருக்கும் சார்?"

"இருபத்தஞ்சு இருக்கும்மா."

"நான் பஸ்ஸுல போவச்சொல்ல, கோயிலுக்குப் போவச்சொல்ல, அம்பது வயசுப் பொம்பளைங்க மூஞ்சியெல்லாம் பாத்துகினே இருப்பேன். கடைக்கு மருந்து வாங்க வரவங்களக்கூட. அந்தப் படத்துல இருந்த மூஞ்சிய எனக்கு மனப்பாடமாத் தெரியும். ஏதோ ஒரு நாளு எதிர்ல வந்துடுவாங்கன்னு." அவள் கை வயிற்றின்மேல் இருந்தது. படத்துக்கு இன்னும் கிட்டே போனாள். "இது சின்னப் பொண்ணு சார். என்னைவிடச் சின்னப் பொண்ணு."

வெளியே கார்கள் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டன. கதவைத் திறக்க ஆள் வந்து, இருவரையும் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னான்.